சீல் விழாத லாரி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண் எழுதுவதில் பிசகியது கிடையாது. அந்தக் கம்பெனியின் முன்வாசலில் பதினோரு வருடம் லாரிக்குச் சீல் போட்டேன். கதவை மூடி, கொண்டியில் கம்பியை நுழைத்து, அதன் முனையில் உள்ள ஈயத்தை இடுக்கியால் நசுக்க வேண்டும். ஈயத்தில் உள்ள எண்ணை நோட்டில் எழுதி மாடிக்குச் சொன்னால், அங்கே கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். அடுத்த நிமிடமே, முன்பதிவு செய்தவர்கள் எல்லாருக்கும் 'உங்கள் பொருள் கிளம்பிவிட்டது' என்று செய்தி போகும்.

உள்ளே பார்க்காமல் நான் சீல் போட்டதில்லை. முதலாளியே வந்து சொன்னாலும் கதவைத் திற என்பேன். கம்பெனிக்காரன் வாயை நம்புவதற்கு நான் என்ன அவனுக்கு மாமனா, மச்சானா?

அன்றைக்குப் புதுக் கைக்கடிகாரம் வெளியிடும் நாள். கையில் கட்டினால் நெஞ்சுத் துடிப்பை எண்ணுமாம், துடிப்பு தப்பினால் கத்துமாம். மூன்று முறை தேதி சொல்லி மூன்று முறையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நாலாவது தேதியை விடக் கூடாது என்று கேட்டுக்கு வெளியே மேடை போட்டு, பத்திரிகைக்காரர்களை அழைத்து, முதல் லாரியைக் கொடி அசைத்து அனுப்ப ஏற்பாடு.

லாரி வந்து என் முன்னால் நின்றது. பாரம் ஏற்றிய லாரி சக்கரத்தின் மேல் உட்காரும். இது நுனிக்காலில் நின்றது. கதவைத் திறந்தேன். கூரை வரைக்கும் பளபளவென்று பெட்டிகள். ஒன்றை எடுத்தால் கையில் எடையே தெரியவில்லை. பிரித்துப் பார்த்தேன். உத்தரவாதச் சீட்டு இருந்தது, சார்ஜ் ஏற்றும் கயிறு இருந்தது. கடிகாரம் வைக்கும் குழி காலி. இன்னும் நாலு பெட்டி பிரித்தேன். நாலும் அதே கதை.

மேனேஜர் ஓடி வந்தான். என் மகன் வயது. பனியனில் கடிகாரப் படம் போட்டிருந்தான்.

"பெரியவரே, எதுக்கு இப்ப அதைப் பிரிக்கிறீங்க? சீலைப் போட்டு அனுப்புங்க."

"சரக்கு எங்க தம்பி?"

"கப்பல்ல வந்துட்டிருக்கு."

"கப்பல் வரட்டும், போடுறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். என் மருமகள் மாடியில்தானே போன் பேசுகிறாள் என்று விசாரித்தான். இந்த மாதம் வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவளும் இருப்பதாகச் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். என் மகனுக்கு வேலை போய் ஏழு மாதம். வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து நிமிடத்தில் அவளையே கீழே அனுப்பி வைத்தான். காதில் மாட்டும் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள்.

"போட்டுடுங்க மாமா. நமக்கெதுக்கு வம்பு?"

காலிப் பெட்டிக்கு எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டேன். பொருள் கிளம்பாத வரைக்கும்தான் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமாம். கிளம்பியதாகச் செய்தி போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடுமாம். காலையிலிருந்து போன் ஓயவில்லை, எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள் என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"நேத்து ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டுச்சு மாமா. அவங்கப்பாவை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். கடிகாரம் வராதுன்னா சொல்லுங்க, வேற கம்பெனில வாங்கிக்கிறேன்னுச்சு. நாளைக்கு வந்துடும்னு சொல்லிட்டேன்."

"இன்னிக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவே?"

கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இடுக்கியை என் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். நோட்டில் எழுதினேன்: 'பெட்டி உண்டு. பொருள் இல்லை. சீல் போடவில்லை.' என் எழுத்து கோணல்தான், ஆனால் யாரும் படிக்கலாம்.

வெளியே பாட்டு போட்டுவிட்டார்கள். முதலாளி கொடியை ஆட்டினார். லாரி பத்தடி உருண்டு கேட்டுத் தடுப்பில் வந்து நின்றது. முதலாளி திரும்பவும் ஆட்டினார். தடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், சீல் இல்லாத வண்டி வெளியே போகக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுத வைத்தவன் இதே மேனேஜர். நான் அதற்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி ஏன் நிற்கிறது என்று ஒரு பத்திரிகைக்காரி கேட்டாள். சின்ன சோதனை என்றான் மேனேஜர்.

"சோதனை முடிஞ்சுதும்மா. உள்ள ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் நேரே போய்க் கதவைத் திறந்தாள். நான் கொண்டி போட்டிருக்கவில்லை. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

அன்றைக்குக் 'கிளம்பிவிட்டது' என்ற செய்தி யாருக்கும் போகவில்லை. வேண்டாம் என்றவர்களுக்குப் பணம் திரும்பிப் போனது. என்னை வேலையை விட்டுத் தூக்கினால் பத்திரிகைக்காரி மறுபடி வருவாள் என்ற பயத்தில், குப்பை போகும் பின்வாசலுக்கு மாற்றினார்கள். மருமகளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"நல்ல மாமனார் வாச்சாரு எனக்கு" என்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மற்றதையும் சொன்னாள். "அன்னிக்கு மேல போனதும் அந்தப் பொண்ணுக்கு நானே போன் பண்ணிட்டேன். இன்னும் கிளம்பல, வேற வாங்கிக்கம்மான்னு. போன் பேச்செல்லாம் பதிவாகுமில்ல, அதைத்தான் டேப்புல கேட்டுட்டுப் பேரை அடிச்சாங்க. நீங்க ஒண்ணும் காரணமில்ல, ரொம்ப மிதப்புல இருக்காதீங்க."

என் மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறு வாரம் பின்வாசலுக்கு ஒரு லாரி வந்தது. குப்பைக்கும் சோதனையா என்று டிரைவர் அலுத்துக்கொண்டான். திற என்றேன். அதே பளபளப்புப் பெட்டிகள். டிரைவரிடம் சரக்குச் சீட்டை வாங்கிப் படித்தேன். 'காலி அட்டைப் பெட்டி' என்று போட்டிருந்தது.

நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். காலிதான். கதவை மூடி, இடுக்கியை எடுத்துச் சீல் போட்டேன்.