வலக்கை நாடி

“அந்தக் கை இல்லம்மா, இந்தக் கை” என்றார் வைத்தியர் சுப்புராயன். என் தங்கை தங்கம் நீட்டியது வலக்கையை. நோவு அதில்தான். அவர் அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, மடிமேல் சும்மா கிடந்த இடக்கையை எடுத்துக்கொண்டார். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. நாடி பார்ப்பதில் அதுதான் முறை. மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய அந்த மாடியறையில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடியவர், வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார். “நாடி சுத்தமா இருக்கு. உடம்புல ஒண்ணும் இல்ல.” தங்கம் படியிறங்கிப் போனதும் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். “மனசுலதான் ஏதோ பிடிக்காத காரியம். கல்யாணப் பேச்சு நடக்குதோ?”

நடந்துகொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். உஸ்மான் ரோட்டில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா அய்யாதுரை பட்டணத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சை ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்காதவர். தங்கத்துக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். பூப்பந்தில் அவளை அடித்துக்கொள்ள மாம்பலத்தில் ஆள் கிடையாது. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடும். செம்மண் தரையில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து உயரே எழும்பும்போது கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். தங்கம் பின்வாங்கி, எம்பி, தலைக்கு மேலிருந்து ஒரு போடு போடுவாள். பந்து எங்கே விழுந்ததென்று எதிராளி தேடிக்கொண்டிருப்பாள். ஜனவரியில் புறப்படும் மாநில அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், அவள் பெயர் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, என் தங்கச்சி என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த ஆடியில் ஒரு ஆட்டத்தின் நடுவே மட்டை அவள் கையை விட்டுப் போய் வலையில் மாட்டியது. வியர்வை என்றாள். அடுத்த வாரமும் அப்படியே ஆனது. பிறகு விரல் மரத்துப்போகிறது என்றாள். சடை பின்னக் கையைத் தூக்கினால் பாதியில் விழுந்துவிடுகிறது என்றாள். தி. நகர் டாக்டர் மணிக்கட்டைப் படமெடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று பத்து சத்து ஊசி போட்டார். சுளுக்கு வழித்தார்கள், தைலம் பூசினார்கள். கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் வரை அந்தக் கையில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியில்தான் வைத்தியர், இடக்கை, சுத்தமான நாடி.

அதோடு வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. அம்மா தேங்காயையும் துருவியையும் அவள் முன்னால் வைப்பாள். பாதியில் தங்கம் கையை உதறினால், “நடிக்காதட்டி” என்பாள். அம்மாவைச் சொல்லி என்ன, நான் என்ன யோக்கியம்? “மட்டையைப் பிடிச்ச கைக்குத் துருவி மட்டும் கனக்குதோ?” என்று ஒருநாள் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். துருவியை மறுபடி பிடித்துக்கொண்டாள். ஐம்பது வருஷமாகியும் அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அவளை நம்பிய ஒரே ஆள் ஷகீலா. அதே அணியில் முன்வரிசை ஆடுகிறவள், ராயப்பேட்டைப் பெண். மைதானத்து வாசலில் என் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, அவ கை தூக்கறப்போ வெரலைப் பாத்துகீறீங்களா? சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்பூடுது. எறக்கினா செவக்குது. நான் தெனம் பாத்துக்கினுதான் கீறேன். நடிச்சா வெரல் வெளுக்குமா?”

ஷகீலாவின் வாப்பா அப்துல் வஹீத் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். மகள் சொன்னதைக் கேட்டதும், கையை விட்டுவிட்டுக் கழுத்தைப் படமெடுக்க வேண்டும் என்றாராம். நெஞ்சுக்கூடும் ரத்தக்குழாயும் பார்க்கிற டாக்டர் பத்ரிநாராயணனிடம் அவரே சொல்லி வைத்தார். அப்பாவைக் கிளப்பத்தான் எனக்கு நாலு நாளாயிற்று. ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்றுதான் அவரும் வந்தார்.

டாக்டர் ஒல்லியான மனிதர். வஹீத் எடுத்துக் கொடுத்த கழுத்துப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கத்தைப் பார்த்தார். எந்தக் கை என்று கேட்டு, அந்தக் கையையே பிடித்தார். நாடியில் விரலை வைத்தபடி கையை மேலே தூக்கி, முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, அப்பாவை அழைத்தார்.

“நீங்க வந்து பிடிச்சுப் பாருங்கோ.”

அப்பா தயங்கினார். தங்கம் வயசுக்கு வந்த பிறகு அவர் அவள் கையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. டாக்டரே அவர் விரல்களை எடுத்து மணிக்கட்டில் பதித்தார். “துடிக்கறதா?”

“துடிக்கி.”

கையை மெல்லத் தூக்கினார். “இப்போ?”

அப்பா விரலை நகர்த்திப் பார்த்தார். இன்னும் அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “காணலியே. டாக்டர், ஒண்ணும் காணலியே.”

கையை இறக்கியதும் துடிப்பு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அப்பா விரலை எடுக்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தடியில் பிறவியிலேயே ஓர் எலும்பு கூடுதலாக இருப்பதையும், கையைத் தூக்கும்போதெல்லாம் அது ரத்தக்குழாயையும் நரம்பையும் நெரிப்பதையும் சொன்னார். விட்டுவைத்தால் ரத்தம் கட்டி விரல்களே போகலாம். அறுத்து எடுத்துவிடலாம். கை பிழைக்கும், ஆட்டத்துக்கு மட்டும் வாக்கு கொடுக்க முடியாது என்றார். அத்தனை நேரமும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

வெளியே வராந்தாவில் நான்தான் முதலில் பேசினேன். “ஏட்டி, மன்னிச்சிரு.”

“ஆட்டம் போனா போட்டும்ணே” என்றாள். “நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சிட்டுல்லா.” சொன்ன பிறகுதான் அழுதாள். ஆட்டம் போனால் போகட்டும் என்றதுதான் அவள் சொன்ன ஒரே பொய்.

வீட்டில் அம்மாவுக்குத் தழும்புக் கவலை. தாலி தொங்குகிற இடத்துக்கு மேலே, கண்ணில் படுகிற இடத்தில் வெட்டு; யார் கட்டுவான்? அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “தழும்பு தெரிஞ்சா தெரியட்டும்” என்றார். கல்யாணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லித் தூத்துக்குடிக்கு அவரே கடிதம் எழுதினார். ஐப்பசியில் ஆபரேஷன். ஜனவரியில் மாநில அணி அவளில்லாமல் புறப்பட்டுப் போனது. ரயிலடிக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

மாசியில் டாக்டர் கடைசியாகப் பார்த்தார். கையைத் தூக்கவைத்து நாடி பார்த்து, “இருக்கு” என்றார். ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு, “இப்போதைக்குக் கையத் தூக்கலாம், அவ்வளவுதான். மத்தது போகப் போகத் தெரியும்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதி இடம் காலி. தங்கம் உட்காரவில்லை. மேல் கம்பியை வலக்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். “உக்காரும்மா, அதான் எடம் கீதே” என்றார் கண்டக்டர். அவள் தலையை மட்டும் அசைத்தாள். நானும் எழுந்து பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எவ்வளவு நேரம்ட்டி?”

“பேசாத வாண்ணே. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

மவுண்ட் ரோடு முழுக்க அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். புதிதாகக் கட்டிய ஜெமினி மேம்பாலத்தில் பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். கழுத்தோரம் தழும்பு இழுபட, அவள் பிடி இறுகியது. என் கை மரத்துப்போகவே இறக்கிவிட்டேன். அவள் விரல்கள் சிவப்பாகவே இருந்தன.