சக்கரம் நின்ற ஆயுத பூஜை

பாசியில் வழுக்கி விழுந்தவர்களை அடி அண்ணாமலைக்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பாசியைப் பிழிந்து வண்டி ஓட்டப் போகிறோம் என்று வந்தவர்களை அப்போதுதான் பார்த்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கம்பெனி ஒன்று காசியின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நீள்வட்டமாக இரண்டு தொட்டி கட்டி, முழங்கால் நனையாத ஆழத்தில் பச்சைப் பாசியை வளர்க்க ஆரம்பித்தது. கிரிவலப் பாதை டீக்கடையில் ஒரு மாதம் அதுதான் பேச்சு. "காசி நெலத்துல இனிமே டீசல் வெளையும். கேனை எடுத்துக்கினு போனா போதும்" என்றார்கள். காசியும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு தன் நிலத்திலேயே ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தான். கூட்டிப் பெருக்க அவன் மனைவி கஸ்தூரியும் வந்தாள்.

வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. தொட்டிக்கு ஒன்றாகத் துடுப்புச் சக்கரம் இரவும் பகலும் சுற்றித் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் பச்சை அடியில் படியும். படிந்தால் ஒன்றையொன்று அமுக்கி, காற்றும் வெளிச்சமும் இல்லாமல் அழுகும். சக்கரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் காசிக்குச் சம்பளம்.

நிலையத்துக்குப் பொறுப்பு ரூக்ஸார். டவுன் பெண், முப்பது வயது. சென்னையிலிருந்து வந்த பச்சை முதல் சித்திரை வெயிலிலேயே வெந்துபோனது. பிழைத்துக் கிடந்த துளியை எடுத்து மறுபடி வளர்த்தாள். அடுத்த சித்திரையில் அதிலும் பிழைத்ததை எடுத்து வளர்த்தாள். மூன்றாவது கோடையில் அது வாடாமல் நின்று எண்ணெயும் பிடித்தது. "இது ஏசி ரூம் புள்ள இல்லண்ணா, நம்ம ஊரு வெயில்ல வளந்த புள்ள" என்று காசியிடம் பெருமை அடித்துக்கொள்வாள். இந்தத் தீபாவளிக்கு முன்னால் கம்பெனியின் பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் இருபது ஏக்கருக்குப் பெரிதாக்குவார்கள். பிடிக்காவிட்டால் இழுத்து மூடிவிட்டு, அவள் நாலு வருஷத்தையும் ஒரு பைலில் கட்டி வைத்துவிடுவார்கள்.

இதற்கு நடுவில் மாசி மாதம் கஸ்தூரி போய்விட்டாள். கிட்னி கெட்டு நாலு மாதம் படுக்கையில் கிடந்து போனாள். காசி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தான். "கல்லு மாதிரி இருக்காரு மனுஷன்" என்றாள் பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சினி எல்லம்மாள். கல்லாவது வெயிலில் சூடேறும். இவனுக்குக் கையில் இருக்கும் டீ சூடா, ஆறியதா என்பதே தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. முதல் மூன்று வருஷமும் அதை முன்னின்று நடத்தியவள் கஸ்தூரி. ஸ்விட்ச் பெட்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தை ஓடவிட்டே கற்பூரம் காட்டுவாள். "மூச்சை நிறுத்திட்டு யாராச்சும் சாமி கும்புடுவாங்களா?" என்பாள். இந்த வருஷம் எலக்ட்ரீஷியன் சரவணகுமார் முன்னின்றான். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்லவன், பக்தி ஜாஸ்தி. காசிக்குத் துக்க வருஷம். பூஜைப் பக்கம் போகக் கூடாதென்று கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மதியம் கிளம்பும்போது ரூக்ஸார் வண்டியை நிறுத்தி, "சக்கரத்தை மட்டும் பாத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தலையாட்டினான்.

ஆயுத பூஜையன்று கருவிகளெல்லாம் ஓய்வெடுக்க வேண்டும், பூஜையில் வைத்ததை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது சரவணகுமார் வீட்டு வழக்கம். ஸ்பேனர், மோட்டார், ஏணி என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்தான். இரண்டு சக்கரத்தையும் நிறுத்தி, துடுப்பு துடுப்பாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான்.

சத்தம் நின்றது காசிக்குக் கேட்டது. நாலு வருஷமாகக் காதிலேயே கிடந்த சத்தம். தலையைத் தூக்கினான். எழுந்து போக வேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்தே இருந்தான். யாருக்கோ நடக்கிற காரியம் போல இருந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். சரவணகுமார் பொரிப் பொட்டலம் கொண்டுவந்து நீட்டினான். வாங்கித் தின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பத்தரை மணிக்குக் கற்பூரம் காட்டிச் சக்கரத்தைப் போட்டார்கள். அடியிலிருந்து கிளம்பியது பச்சை இல்லை. பழுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ரூக்ஸார் ஓடி வந்து இரண்டு தொட்டியிலும் பத்து இடத்தில் தண்ணீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பத்தாவதைப் பார்த்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலியே மேடம்" என்று சரவணகுமார் அழுதான்.

"காசி அண்ணாகிட்ட சொல்லிட்டுதானே போனேன்" என்று அவள் திரும்பினாள்.

"சத்தம் நின்னது கேட்டுச்சு மேடம்" என்றான் காசி. "உக்காந்துனு இருந்தேன்."

"ஏண்ணா?"

"தெரியல."

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "லேப்ல எடுத்து வெச்சிருந்ததும் போன மாசம் பூஞ்சை புடிச்சிடுச்சு. மறுபடி எடுத்து வெக்கணும்னு நாளைக் கடத்தினேன். என் மேலயும் தப்பு இருக்குது. சென்னையில இருக்கறது பழசு, நம்ம வெயிலுக்குத் தாங்காது. இது வேற எங்கயும் இல்லண்ணா" என்றாள்.

ஒரு இடத்தில் இருந்தது. காசியின் தகரக் கூரை வீட்டு ஜன்னலில், தண்ணீர் பாட்டில் ஒன்றில். நிலையத்திலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாதென்பது கம்பெனிச் சட்டம். ஆனால் படுக்கையில் விழுந்த புதிதில் கஸ்தூரி, "கண்ணுக்குப் பச்சையா ஏதாச்சும் கொண்டாந்து வையேன், சுவத்தையே பாத்துனு கெடக்க முடியல" என்றாள். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து வைத்தான். படுக்கைப் புண் வராமலிருக்க தினமும் காலையில் அவளைப் புரட்டிப் படுக்க வைப்பான். புரட்டியதும், "அதையும் பொரட்டு. அதுவும் என்னாட்டம்தான், ஒரே பக்கம் கெடந்தா அழுவிடும்" என்பாள். பாட்டிலைத் தலைகீழாக்கி ஒரு குலுக்குக் குலுக்கி வைப்பான். அவள் போன பிறகு புரட்ட ஆள் இல்லை, பாட்டில் இருந்தது. கண் விழித்ததும் கை தானாக ஜன்னலுக்குப் போகும். தண்ணீர் வற்றினால் ஊற்றுவான், தொட்டிக்குப் போடும் உரத்தில் ஒரு சிட்டிகை போடுவான். இந்தச் சித்திரையையும் அது அங்கேயே தாண்டிவிட்டது.

இதையெல்லாம் ரூக்ஸாரிடம் அப்போது அவன் சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை. கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சக்கரத்தை நிறுத்தியது அவன் இல்லை. ஆனால் கஸ்தூரி இருந்திருந்தால் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். என்ன கேட்டிருப்பாள் என்பது வார்த்தை வார்த்தையாக அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஒரு குலுக்குக் குலுக்கி, பையில் போட்டு எடுத்துப் போனான். மேசை மேல் வைத்து விஷயத்தைச் சொன்னான். ரூக்ஸார் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். கண்ணை எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"உயிரோட இருக்குதுண்ணா."

சென்னைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஒரு லிட்டர் பெருகித் தொட்டி நிறைய இரண்டு மாதமாவது வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார்கள். கம்பெனி பாஷையில் பார்க்கலாம் என்பதற்கு என்ன வேண்டுமானாலும் அர்த்தம் இருக்கலாம். அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் உங்களுக்கு வெச்சிக்கறீங்களாண்ணா? அக்கா ஞாபகமா?"

"ஜாஸ்தி இருந்தாத்தானே சீக்கிரம் வளரும். முழுசா ஊத்திக்கோம்மா" என்றான்.

அவன் கண்ணெதிரே பாட்டில் காலியானது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு முழுக்க சரவணகுமாரோடு சேர்ந்து தொட்டியைக் கழுவினான்.

அடுத்த நாள் காலை கண் விழித்ததும் கை ஜன்னலுக்குப் போனது. தூசிக்கு நடுவில் பாட்டில் இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருந்தது. கை அங்கே கொஞ்ச நேரம் துழாவியது. பிறகு திரும்பி வந்து, பக்கத்தில் பாயில் கஸ்தூரி படுத்திருந்த இடத்தைத் தடவியது. புரட்டுவதற்கு அங்கேயும் யாரும் இல்லை.

கஸ்தூரி போய் எட்டு மாதம் கழித்துக் காசி அழுதான். அந்தச் சத்தம் கேட்டு, எல்லம்மாள் கோலப்பொடிக் கையோடு ஓடி வந்தாள்.