குவபாராவின் அட்டவணை

எங்கள் பிரிவுத் தலைவர் குவபாராவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. கார் சீரான வேகத்தில் போகும்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி கொடுப்பது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும் அட்டவணை அவர் போட்டது. பன்னிரண்டு வருஷமாக யாரும் அதில் கை வைத்ததில்லை. நான் வைத்தேன். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு புதிதாக ஒன்று போட்டேன். இரண்டையும் ஹமமாட்சு சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பது, ஜெயிப்பது புதிய காருக்குப் போகும் என்று முடிவாயிற்று. தோற்றால் என் மூன்று மாதமும் குப்பை.

முதலில் என்னுடையது. நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டின்னில் அடைத்த தேநீரை உறிஞ்சினார். நேற்று லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர் கொடுத்த கார் இன்று பதினெட்டைத் தாண்டவில்லை.

"என்னம்மா தகாநோ, பதினெட்டுதானா? பரவால்ல, சின்ன வயசு, கத்துக்கலாம்."

திரையைப் பார்த்தேன். கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தது, பெட்ரோல் வீணாகிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்து எஞ்சின் தட்டுகிறதா என்று ஒட்டுக்கேட்கும் சென்சார் ஒன்று உண்டு. எஞ்சின்மேல் எதுவோ லூசாகி ஆட, அந்தச் சத்தத்தை எஞ்சின் தட்டுவதாக நம்பிக் கணினி பாவம், பயந்து செத்துக்கொண்டிருந்தது. டின்னைப் பிடித்திருந்த அவர் விரல்களைக் கவனித்தேன். கிரீஸ். நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிற மனுஷனுக்குக் கிரீஸ் எங்கிருந்து வந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

காரை நிறுத்தியதும் அவர் அவசரமாக, "பானெட்டைத் தொறந்து ஒரு பார்வை பாத்துடறேன்" என்றார்.

"எதுக்கு சார்? ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல எஞ்சின நிறுத்தக் கூடாது, பானெட்டைத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே விதி எழுதினீங்க. உங்க அட்டவணைய ஏத்திட்டேன். ஓட்டுங்க."

ஓட்டினார். வியர்த்துக் கொட்டியது. லிட்டருக்குப் பதினேழு.

"வண்டில ஏதோ கோளாறு."

"என்ன கோளாறு சார்?"

"அந்த இடது பக்க பிராக்கெட்ல ஒரு போல்ட் லூசா இருக்கு."

"உக்காந்த இடத்துலேர்ந்தே தெரியுதா சார்?"

குவபாரா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். "முறுக்கிட்டு ரெண்டையும் இன்னொரு தடவ ஓட்டிடலாம்" என்றார்.

"தாராளமா. எனக்கும் இருபத்தொண்ணு வேணும். ஆனா எதுக்கு மறுபடி ஓட்டினோம்னு அறிக்கைல எழுதணும். போல்ட் எப்படி லூசாச்சுன்னு நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

குவபாரா பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் போடும் தன் பெயர் முத்திரையை எடுத்து, என் அட்டவணையின் ஒப்புதல் தாளில் குத்தினார். அவர் இவ்வளவு ஓங்கிக் குத்தி நான் பார்த்ததே இல்லை.