கேளாதொழிந்த இரண்டாம் வினா

வடதிசைப் பாலைநிலத்தினின்றும் புறப்பட்டுப் பன்னாள் நடந்து களைத்த வறண்ட காற்றானது, தான் சுமந்துவந்த நுண்புழுதியையெல்லாம் அசுவாசோ என்னும் சிற்றூரின் தலைமேற் சொரிந்து, வாழையிலைகளை வெளிறச்செய்து, ஞாயிற்றையும் துலக்காத செப்புத்தட்டுப்போல் மங்கவைத்த ஒரு காலைப்பொழுதில், செம்மண் வழியே வெள்ளை ஊர்தியொன்று விரைந்துவந்து, தகரக் கூரை வேய்ந்த சிறு கிறித்தவக் கோயிலின் முன்னே நின்றது. கடல்கடந்த நாட்டிலிருந்து இறைபணி செய்ய வந்த எழுவர் அதனின்று இறங்கினர். கற்றறிந்தீர், அவர்தம் நெஞ்சில் வஞ்சம் எள்ளளவும் இல்லை என்பதை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். இருந்திருப்பின், நம் சினம் சென்று தைப்பதற்கு ஓர் இடமேனும் கிடைத்திருக்கும்.

அவர்கள் கோயிற்சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள். அச்சுவருக்கு இருபதடி பின்னே, மண்வீடொன்றில், கோயிற்பெரியவர் அச்சாம்போங்கின் ஒரே மகள் செர்வா பேறுகால நோவில் இரண்டாம் நாளாக, கதறவும் வலுவற்றுத் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி விடியற்காலையிலேயே கைகழுவி வெளிவந்து, "புள்ள குறுக்க கெடக்கு. இது என் கையால ஆகாது. ஆத்துக்கு அந்தாண்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்று சொல்லிவிட்டாள். கொண்டுபோவது எதில்? சந்தைநாளில் கிழங்கேற்ற வரும் ஊர்தியன்றி வேறொன்று அவ்வூர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை. சந்தைக்கோ இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆகவே அவ்வெள்ளை ஊர்தியைக் கண்டபோது, செர்வாவின் கணவன் ஒபிரிக்கு வானமே கதவு திறந்து இறங்கிவந்ததுபோல் இருந்தது.

"மாமா, வண்டி வந்திருச்சு! இப்பவே போய்க் கேட்டுர்றேன்."

"பொறு மாப்ள. வந்தவங்க இன்னும் ஒக்காரல, ஒரு வாய் தண்ணி குடிக்கல. வாசல்லயே மறிச்சு அழுதா நம்மள என்ன மனுசங்கன்னு நெனைப்பாங்க? ரெண்டு பேச்சு பேசுற நேரந்தான். மூணாவது பேச்சு உன் பொண்டாட்டிதான்."

"உங்க மரியாத முடியற வரைக்கும் அவ வலி நிக்குமா மாமா?"

"உனக்குப் பொண்டாட்டின்னா எனக்கு அவ மக இல்லையாடா? உள்ள போய் அவ கையப் புடிச்சுக்கிட்டு இரு. நான் பாத்துக்கறேன்."

அந்நாட்டார் வழக்கம் அத்தகையது. விருந்தினர்க்கு முதலில் நீர்; பருகியபின் அவர் கேட்கும் "இங்கு எப்படி?" என்னும் முதல் வினா, அதற்கு வீடே எரியினும் "பொக்கோ", குளிர்ச்சி, என்பதே விடை. வழிநடந்து வந்தவர் தலைமேல் எடுத்தவுடன் துன்பத்தை ஏற்றலாகாது என்னும் அருளினின்றும் பிறந்தது அவ்விடை. அதன்பின் விருந்தினரே "அப்புறம்? உள்ளே என்ன?" என இரண்டாமுறை வினவுவர்; மெய் அப்போதுதான் வாய்திறக்கும்.

சுரைக்குடுவையில் நீர் வந்தது. விருந்தினர் அதனை நகைமுகத்துடன் தொட்டு வணங்கி, நிலத்தில் வைத்துவிட்டுத் தத்தம் புட்டிகளைத் திறந்தனர். அருகிருந்த மகளிர் வாய்பொத்தினர்.

"ஏன்டி, நம்ம தண்ணி அவங்களக் கடிச்சிருமா?"

"அது இல்லடி, நம்ம தண்ணி அம்மணமால்ல வருது! அவங்க தண்ணி சட்ட போட்டிருக்கு பாரு."

விருந்தினருள் தலைவியாகிய அம்மை ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளன் அசியெடு எழுந்தான். பெற்றோர் அம்மண்ணினராயினும் அவன் வளர்ந்தது கடலுக்கப்பால்; அவர்தம் சொல்லை அறிவான், சொல்லும் முறையை அறியான். "பெரியவரே, இங்க எல்லாரும் எப்படி இருக்கீங்க, ஏதாச்சும் கொறை இருக்கான்னு கேக்குறாங்க."

அச்சாம்போங் எழுந்து, தோளாடையை வழக்கப்படி இறக்கிக்கொண்டு, "பொக்கோ. இங்க எல்லாம் குளிர்ச்சியா இருக்கு" என்று கூறி, இரண்டாம் வினாவை எதிர்நோக்கி நின்றார். 'அமைதி நிலவுகிறது, குறை யாதுமில்லை' எனப் பெயர்த்தான் அசியெடு. எவ்விலக்கண நூலைக்கொண்டு நோக்கினும் அம்மொழிபெயர்ப்பிற் பிழை காண்டல் அரிது. ஓர் உயிரைக் கொல்லும் பிழையும் அதனுள்ளேயே இருந்தது. அம்மை கண்கலங்கி, ஒன்றுமில்லாதார் இத்துணை நிறைவோடு வாழ்கின்றனரே எனப் பெரியவரைத் தழுவிக்கொண்டாள். பின்னர் அனைவரும் பாடியவாறே சுண்ணம் குழைத்தனர்.

சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது. பெரியவர் வெயிலில் நின்றார். ஒவ்வொருவர் முகமாக நோக்கினார். நோக்கிய முகமெல்லாம் சிரித்தது, ஒருவரும் மீண்டும் வினவினாரிலர். அறுபதாண்டு அவ்வழக்கம் பயின்ற நா, வினவப்படாமல் எழ மறுத்தது. அடங்காத நாவன்று, அசையாத நாவே அன்று அவரை வஞ்சித்தது. நண்பகலில் ஆற்றுப்படகு தவறிவிடுமெனக் கூறி எழுவரும் ஊர்தியேறினர்.

அதன் உறுமல் கேட்டு ஒபிரி வெளியே பாய்ந்தான். "சொன்னீங்களா மாமா?"

"அவங்க... அவங்க கேக்கவேயில்லடா."

ஒபிரி ஓடினான். இரு கைகளையும் தலைக்குமேல் வீசி, புழுதி வாயை அடைக்கக் கதறிக்கொண்டு ஓடினான். உள்ளிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். "நம்மள விட மனசில்லாம ஓடியாறாரு பாருங்க" என்றான் அசியெடு. எழுவரும் இரு கைகளையும் உயர்த்தி, அவன் மறையுமளவும் அன்போடு அசைத்தனர்.

மாலைக்குள் செர்வா இறந்தாள். உலகு காணாத அம்மகவும் அவளோடு சென்றது.

மூன்றாம்நாள், துயர் கேட்க அண்டையூரார் வந்து, சுண்ணமணம் இன்னும் மாறாத அவ்வெள்ளைச்சுவர் ஓரமாய் அமர்ந்தனர். நீர் வந்தது, ஒரு துளியும் எஞ்சாமற் பருகினர். அவருள் மூத்தவர், "இங்க எல்லாம் எப்படி?" என்றார்.

"பொக்கோ" என்றார் அச்சாம்போங்.

மூத்தவர் குடுவையை மெல்லக் கீழேவைத்து, முன்னே சாய்ந்தார். "அப்புறம்? உள்ள என்ன சேதி, பெரியவரே? சொல்லுங்க."

வெயிலில் நின்று அவர் காத்திருந்த வினா இதோ வந்துவிட்டது. விடையும் நாவின் நுனியில் இருந்தது: மகளை ஆற்றுக்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டும், ஊர்தி வேண்டும், இப்பொழுதே வேண்டும். அவர் வாய்திறந்தார். வெண்மையான அச்சுவரை நோக்கினார். அண்டையூரார் தம் முறைப்படி, சிறிதும் விரையாமல், விடைக்காகக் காத்திருந்தனர்.