வைதேகி செத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு

கேமராவுக்கு முன்னால் மதுரம் பதினோரு பிள்ளை பெற்றிருக்கிறாள். நிஜத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்துபோக, சென்னையில் சீரியலே கதி என்று பதினாறு வருஷமாக இருந்தாள். முதலில் அண்ணி வேஷம், பிறகு மூத்த மருமகள் வேஷம். எந்த வேஷமானாலும் கதை கொஞ்சம் தொய்ந்தால் அவளுக்குப் பிரசவ வலி வந்துவிடும்.

பதினோராவது பிரசவம் வைதேகி வேஷத்தில். திங்கட்கிழமை வலி எடுத்தது, வெள்ளிக்கிழமைதான் பிள்ளை பிறந்தது. ஐந்து நாளும் இடைவிடாமல் கத்தினாள். வியாழக்கிழமை டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி, தாய், சேய் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றார். வெள்ளிக்கிழமை வைதேகி குழந்தையை ஒருமுறை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, புன்னகைத்து, செத்துப்போனாள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் சோறு இறங்கவில்லை என்று தயாரிப்பாளர் சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை மதுரம் ரயிலேறி பூதலூரில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்கு வந்தாள். அப்பா பட்டாபிராமன் விட்டுப்போன ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர், அவள் பேரிலும் அண்ணன் சந்தானகிருஷ்ணன் பேரிலும் இருந்தது. தங்கையன் குடும்பம் நாற்பது வருஷமாக அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தது. அண்ணன் அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். குத்தகைப் பதிவு எங்கள் பேரில் இருக்கிறது, நிலத்தை விட மாட்டோம் என்று கோர்ட்டுக்குப் போனார் தங்கையன். போன வாரம் விளைந்து நின்ற சம்பாவை அறுக்க அண்ணன் மிஷின் கொண்டுவந்து இறக்கியபோது, தங்கையனின் மகன் நல்லக்கண்ணு அதன் முன்னால் வரப்பில் மல்லாந்து படுத்துவிட்டான். போலீஸ் வந்தது. அண்ணன் எழுதிக்கொடுத்த புகாரில் நல்லக்கண்ணு ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

மதுரம் வந்திறங்கிய அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பத்திர ஆபீஸில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். காலை பத்து மணிக்கு அந்த நல்லக்கண்ணுவே வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். மொபெட்டை ஆஃப் செய்யவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து அண்ணன் போனை எடுத்தார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை. மதுரத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

விஷயம் இதுதான். அவன் பெண்டாட்டி காளியம்மாளுக்கு விடியற்காலையிலிருந்து வலி. தலைப்பிள்ளை. ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டாள். ஆனால் பிரசவ அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். வைதேகிக்கும் முதுகில்தான் வலி ஆரம்பித்தது, தனக்கும் முதுகில்தான். உள்ளே போனால் பிணமாகத்தான் வெளியே வருவேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. நர்சம்மாதான் சொன்னாராம், செத்தவளே ஊருக்கு வந்திருக்கிறாள், அவளையே கூட்டிக்கொண்டு வா என்று.

"கேட்கறதுக்கு எனக்கு வாய் இல்லீங்க" என்றான் நல்லக்கண்ணு. "ஆனா அவளுக்காகக் கேட்கறேன்."

அண்ணன் உள்ளிருந்தபடியே, "கோர்ட்ல எதிர்த்து நிக்கறவா ஆத்துப் பிரசவத்துக்கு நீ போவியா?" என்றார். மதுரம் செருப்பை மாட்டிக்கொண்டு மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

காளியம்மாளுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒல்லியான உடம்பில் வயிறு மட்டும் முன்னால் நின்றது. மதுரத்தைக் கண்டதும் அவள் வலியை மறந்து வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு கையை நீட்டி, மதுரத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்க செத்துட்டீங்களேக்கா."

மதுரம் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, தான் செத்த கதையைச் சொன்னாள். ஐந்து நாள் வலியையும் ஒரே மத்தியானத்தில் எடுத்து முடித்தார்கள். நெற்றியில் வியர்வை என்று தண்ணீர் தெளித்தது மேக்கப்காரர். வயிறு, துணி மூட்டை. அப்போதுதான் பிறந்த குழந்தை என்று கையில் கொடுத்தார்களே, அது ஐந்து மாதப் பையன். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. மதுரம் உயிரை விட வேண்டிய நேரத்தில் அவன் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். அதனால் மூன்று முறை சாக வேண்டி வந்தது.

காளியம்மாள் சிரித்தாள். சிரிப்பின் நடுவே வலி வந்து, மதுரத்தின் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தாள். வலி போனதும் எழுந்து, "நீங்க கூடவே இருக்கீங்களா?" என்று கேட்டாள். நர்ஸ் மங்களாம்பிகை தலையசைத்தார். மூவரும் உள்ளே போனார்கள்.

மதுரத்துக்கு முதலில் விளங்காமல் போனது அந்த அமைதிதான். அவள் அறிந்த பிரசவத்தில் அலறல் நிற்காது, நின்றால் விளம்பரம் வரும். இங்கே வலி காவிரியில் புதுத் தண்ணீர் வருவதுபோல் ஏறி வந்தது, உச்சியில் நின்றது, வடிந்தது. வடிந்த இடைவெளியில் காளியம்மாள் டீ கேட்டாள். இரண்டு நிமிஷம் குறட்டை விட்டுத் தூங்கினாள். நெல் அறுத்தாச்சா என்று கேட்டாள். நர்ஸும் எங்கும் ஓடவில்லை, வெந்நீர் வெந்நீர் என்று கத்தவில்லை. வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பகல் ஒரு மணிக்கு மேல் காளியம்மாளின் முகம் மாறியது. அவள் அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அலறல் இல்லை. பாரம் ஏற்றிய வண்டியைச் சேற்றிலிருந்து தூக்குகிறவர்கள் போடும் சத்தம். இந்தச் சத்தத்தைப் பதினாறு வருஷத்தில் தான் ஒருமுறைகூடப் போட்டதில்லை என்று மதுரம் நினைத்தாள்.

ஈரமான கருமுடி, ஒரு காசளவு, தெரிந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு வலிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, திடீரென்று முழுத் தலையும் வெளியே இருந்தது. முகம் தரையைப் பார்த்திருந்தது. யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்தத் தலை, யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல், தானாகவே மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. இன்னும் மூச்சு விடாத, இன்னும் ஊரைப் பார்க்காத ஒன்றுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்த வலியில் தோள் வந்தது. பிறகு கெண்டை மீன் கையிலிருந்து நழுவுவதுபோல் மிச்சமெல்லாம் ஒரே வழுக்கில் வந்துவிட்டது. பெண் குழந்தை. உடம்பெல்லாம் வெண்ணெய் அப்பினாற்போல் இருந்தது. தலை ஒரு பக்கம் நீண்டிருந்தது. நிறமோ நாவல் பழத் தோலின் நிறம். அழவில்லை.

செத்துவிட்டது என்று நினைத்தாள் மதுரம். நர்ஸைப் பார்த்தாள். அவர் முகத்தில் பதற்றம் இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவில்லை, முதுகில் அடிக்கவில்லை. தாயின் வயிற்றின் மேல் கிடத்தி, துண்டால் முதுகைத் தேய்த்தார்.

"இங்க தொட்டுப் பாருங்க" என்றார்.

கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, நீலமும் வெள்ளையுமாகக் கிடந்தது தொப்புள்கொடி. மதுரம் ஒரு விரலை அதன் மேல் வைத்தாள். துடித்தது. அவள் விரலுக்கு அடியில் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவளால் விரலை எடுக்க முடியவில்லை.

குழந்தை தும்மியது. முனகியது. பிறகு அழுதது, பெரிதாக இல்லை, ஆட்டுக்குட்டி அளவுக்கு. நெஞ்சின் நடுவில் ஒரு சிவப்பு தோன்றி, கிழக்கு வெளுப்பதுபோல் வயிற்றுக்கும் தோளுக்கும் பரவி, கடைசியில் விரல் நுனிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விரலுக்கு அடியில் துடிப்பு குறைந்து, நின்றது. அதன்பிறகுதான் நர்ஸ் கொடியை வெட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று மதுரம் நினைத்தாள். அவளுடைய பதினோரு பிரசவமும் அத்தோடு முடிந்தவைதான். கால் மணி கழித்து இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி வந்தது. இப்படி ஒன்று உண்டு என்று அவளிடம் எந்தக் கதாசிரியரும் சொன்னதில்லை. நர்ஸ் அதைத் தட்டில் விரித்துக் காட்டினார். கொடி வந்து சேரும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் ஆறாகவும், ஆற்றிலிருந்து வாய்க்காலாகவும், வாய்க்காலிலிருந்து நூலிழைபோன்ற கன்னி வாய்க்காலாகவும் ஓரம் வரைக்கும் பிரிந்து ஓடின. கல்லணையிலிருந்து கடல் வரைக்குமான தண்ணீர் வழி முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. மதுரம் தன்னை அறியாமல் கை கூப்பினாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

குழந்தை கண்ணைத் திறந்திருந்தது. தாயின் வயிற்றிலிருந்து, காலை உந்தி உந்தி, முலையைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. காளியம்மாள் அதைப் பார்த்தபடி சின்னக் குரலில், "நான் சாகலைக்கா" என்றாள்.

மூன்று மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. பத்திர ஆபீஸ் வாசலில் காத்திருந்த அண்ணனிடம், இன்று கையெழுத்துப் போடப் போவதில்லை என்று மதுரம் சொன்னாள். ஏன் என்று கேட்டார். பெரிய தியாகம் என்று அவள் எண்ணவில்லை. அன்றைக்குப் பேனாவைப் பிடிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். அண்ணன் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். வழக்கு நாலு வருஷம் இழுத்தது. கடைசியில் ஆறு மா தங்கையன் பேருக்கும் மூன்று மா அண்ணன் பக்கத்துக்குமாக ராஜியானது. இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை. ஆனால் அந்த வரப்பில் யாரும் மறுபடி படுக்க வேண்டியிருக்கவில்லை.

காளியம்மாளுக்குக் குழந்தை பிறந்த அந்த வருஷமே சித்திரையில் மதுரத்துக்குப் பன்னிரண்டாவது பிரசவம் வந்தது, வேறு சீரியலில். இந்தத் தடவை அவள் அலறவில்லை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, அந்தச் சத்தத்தைப் போட்டாள். குழந்தையைக் கையில் கொடுத்ததும் வசனத்தைச் சொல்லாமல் அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைட் பிடித்திருந்த ஒருத்தி, பிள்ளை பெற்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டைரக்டர் மட்டும், "மேடம், சவுண்டே இல்லையே" என்று வருத்தப்பட்டார். மறுபடி எடுத்தார்கள். அலறினாள். அதுதான் டிவியில் வந்தது.

மறுநாள் காலையில் காளியம்மாள் போன் செய்தாள். பின்னால் குழந்தை ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா அப்படிக் கத்துனீங்க?" என்றாள் காளியம்மாள். "நீங்கதான் பாத்தீங்கல்ல."

பார்த்தேன் என்றாள் மதுரம்.