மலைக்கு மாட்டிய பல்சக்கரம்

பிரான்சின் லூவான் ஊர்ச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் ரெமிக்கு, வாங்க வந்தவன் மனம் நோகாமல் அவனைத் திருப்பி அனுப்பவும் தெரியும். அந்த வித்தையை இந்த வருஷம் சிநேகிதன் மேலேயே காட்டினான்.

பக்கத்துக் கடையில் கோழி விற்கும் ஒக்தாவும் அவனும் செப்டம்பர் வந்தால் கடையைச் சாத்திவிட்டு ஒரு வாரம் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். எப்போதும் லுவார் ஆற்றோரம்தான். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஒக்தாவ் மிதிப்பது உருட்டிக்கொண்டு நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் கோஷ்டி ஒன்றில் இருந்த லோயிக் என்ற இளவட்டம் ரெமியைக் கூப்பிட்டான். “அண்ணே, எங்க கூட வெர்கோர் மலைக்கு வாங்க. பெருசை மட்டும் கூட்டிட்டு வராதீங்க. அவரு உச்சிக்கு வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகிப் புள்ளையே பொறந்துரும்.”

ரெமி சிரித்துவிட்டான். அதுதான் முதல் தப்பு.

‘நீ வராதே’ என்று ஒக்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆகாத கிராக்கிக்கு விலையை ஏற்றிச் சொல்வதில்லையா? அதே மாதிரி மலைப்பாதையைக் காட்டினால் அவனே ஒதுங்கிக்கொள்வான் என்று கணக்குப் போட்டான். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினால் ஏற்றத்தில் மிதிப்பது இலேசு. ஆனால் ஒக்தாவ் வாலிபத்தில் பந்தயம் ஓட்டியவன். அதை மாட்டியவர்களை, “இதுக்கு ஒரு கழுதைய வாங்கியிருக்கலாமே” என்று நக்கலடித்தே பழகியவன். செத்தாலும் மாட்டமாட்டான். அது இல்லாமல் அந்த முட்டியோடு மலை ஏறவும் முடியாது.

திங்கட்கிழமை சந்தை கலைந்ததும், இந்த வருஷம் இங்கே போகலாமா என்று கடைப்பலகையில் வரைபடத்தை விரித்தான் ரெமி. ஒக்தாவின் விரல் மலைப்பாதையில் மெல்ல ஏறி, உச்சியில் நின்றது. “யோசிச்சுச் சொல்றேன்டா” என்று போய்விட்டான். கிராக்கியைக் கழற்றிவிட்டாயிற்று என்று லோயிக்குக்குத் தகவலும் சொல்லியாயிற்று.

அடுத்த சந்தையன்று ஒக்தாவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளோடு வந்தான். பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம்.

“சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுத் தொலை. சைக்கிள் கடைக்காரன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.”

ரெமிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏண்டா இப்படிப் பண்ணினே?”

“ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு ஒளறினேனே, சாகறதுக்குள்ள ஒரு தடவ வெர்கோர் ஏறணும்னு. நானே மறந்துட்டேன். நீ ஞாபகம் வெச்சு வழி போட்டுக் குடுக்கற! ‘அந்தக் கஞ்சனுக்குள்ள இப்படி ஒரு மனசா’ன்னு வீட்டுல மதில்த் கண்ணைத் தொடச்சுக்கறா.”

ரெமிக்கு அப்படி ஒரு பேச்சே நினைவில் இல்லை. அன்று கட்டிலருகே உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

“ஒக்தாவ், நான் அந்த வழியப் போட்டது அதுக்காக இல்லடா...”

“தெரியும், தெரியும். ரொம்பக் கூச்சப்படாத.”

“இல்ல, என் காலும் முன்ன மாதிரி இல்ல. ஆத்தோரமாவே போயிரலாமே.”

“மானத்த வித்து இதை மாட்டிட்டு வந்திருக்கேன், இப்ப ஆத்தோரமா? பயந்தாங்கொள்ளி! நீ வேணா முன்னாடி போயி உச்சியில நில்லு. நான் வந்துருவேன்.”

சந்தை முடிந்ததும் ரெமி லோயிக்கைக் கூப்பிட்டான். “நீங்க போங்கப்பா. நான் உங்ககூட வரல.”

“ஏண்ணே, பெருசு கழண்டுக்கலையா?”

“அப்படிப் பேசாதே” என்றான் ரெமி. அதே பேச்சுக்கு முதலில் சிரித்தவன் தான்தான் என்று உடனே உறைத்தது.

அன்று சாயங்காலம் ஒக்தாவ் வீட்டில் விருந்து. மதில்த் தங்கள் கடையின் முதல்தரக் கோழியைக் கிரீமில் வேகவைத்து, தொடைக்கறியை ரெமியின் தட்டிலேயே வைத்தாள்.

“மேல போயி நிக்கமாட்டேன்டா. உன் பின்னாடியே வர்றேன்” என்றான் ரெமி.

“எதுக்கு, எனக்கு மூச்சு வாங்கறத வேடிக்கை பாக்கவா?”

“நீங்க சும்மா இருங்க” என்று புருஷனை அடக்கினாள் மதில்த். பிறகு ரெமியின் பக்கம் திரும்பி, “சொல்லுங்க, இவரு எப்பவோ சொன்னத எப்படி அவ்வளவு பத்திரமா மனசுல வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள்.

இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெமி ஒரு பெரிய துண்டுக் கறியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.