ஏகமனதாக

கபிலன் டென்மார்க்கில், ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை படித்துக்கொண்டிருந்தான். அவன் ஆய்வுக்கு எடுத்தது ஹிட்லரையோ தளபதிகளையோ அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம், வட ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் இருந்த பாட்டு மன்றத்தை. தச்சர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று ஊர் ஆண்கள் வாரம் ஒருமுறை கூடிப் பாடி, பியர் குடித்து வீடு போகும் மன்றம். நாசிகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே அந்த மன்றம் தன் யூத உறுப்பினர்கள் மூவரையும் நீக்கிவிட்டது. அப்படி நீக்கச் சொல்லி எந்தக் கட்டளையும் அதுவரை அவர்களுக்கு வந்திருக்கவில்லை. கூட்டக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் கபிலனுக்கு ஆத்திரம் வரும். முதல் அத்தியாயத்தில் அந்த ஆட்களை முதுகெலும்பில்லாதவர்கள் என்று எழுதினான். அவனுடைய மேற்பார்வையாளர் கிர்ஸ்டன் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"திட்டினால் உன் மனம் ஆறும். வாசிக்கிறவனுக்கு என்ன விளங்கும்? அவர்கள் ஏன் கை உயர்த்தினார்கள், அதை எழுது."

வார இறுதிகளில் அவன் ரயிலேறி ரண்டர்ஸ் நகரத்துக்கு, அம்மா விமலாதேவியிடம் வந்துவிடுவான். அங்கே இருந்த தமிழர் கலைமன்றத்துக்கு அவன்தான் செயலாளர். கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, டேனிஷில் எழுத ஆள் வேண்டும் என்று பிடித்துப் போட்டிருந்தார்கள்.

பெப்ரவரி மாதக் கூட்டத்தில், எல்லாம் முடிந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறக்கும் நேரத்தில், தலைவர் சிறீஸ்கந்தராசா தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு சின்ன விசயம். தர்ஷனா பிள்ளையின்ரை டான்ஸ் வகுப்பு."

தர்ஷனா ஆஸ்பத்திரியில் தாதி, அன்று வேலைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமைகளில் மன்றத்துப் பிள்ளைகளுக்குப் பரதம் பழக்குபவள். பொங்கல் விழாவில் தன்னோடு வேலை செய்யும் சிங்களப் பெண் ஒருத்தியின் மகளையும் குழுவில் சேர்த்து ஆடவிட்டிருந்தாள். அதில் இரண்டு குடும்பங்களுக்கு மனத்தாங்கல். அவற்றில் ஒரு குடும்பம் இலங்கையில் நடந்த கடைசி யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தது. அவர்களுடைய வலியைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

"தர்ஷனாவிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றார் தலைவர். "கொஞ்சக் காலம் அவ ஓய்வெடுக்கட்டும். மன்றத்தின்ரை ஒற்றுமைதான் முக்கியம். சரியெண்டால் கையை உயர்த்துங்கோ."

கைகள் உயர்ந்தன. பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் கை மேலே போனது, கபிலனின் கையும் போனது. அப்பா செத்த வருடம் அம்மாவை நாள்தோறும் தொழிற்சாலைக்குக் காரில் ஏற்றி இறக்கியவர் சிறீஸ்கந்தராசா. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? வெளியே பனி கொட்டியது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் பசி. செயலாளர் என்ற முறையில் அவனே குறிப்பும் எழுதினான்.

ரயிலில் அதைச் சுத்தப்பிரதி எடுக்கும்போதுதான் தான் எழுதிய சொல்லை வாசித்தான். ஏகமனதாக. மடிக்கணினியை மூடிவிட்டு ஓல்போர்க் வரும்வரை வெளியே பார்த்தபடி இருந்தான்.

கிர்ஸ்டனிடம் சொன்னான். "நானும் அந்த ஆட்களும் ஒன்றுதான்."

"இல்லை," என்றாள் அவள். "உன்னை அவ்வளவு பெரிதாக்காதே. அங்கே நீக்கப்பட்டவர்கள் பின்னால் நாட்டை இழந்தார்கள், உயிரை இழந்தார்கள். உங்களுடையது ஒரு நடன வகுப்பு. ஆனால் ஒன்று. அந்த ஊரில் தெருவெல்லாம் சீருடைக்காரர் திரிந்தார்கள், பயப்படக் காரணம் இருந்தது. நீ எதற்குப் பயந்தாய்?"



அடுத்த சனிக்கிழமை தர்ஷனா வீட்டுக்குப் போனான். அவள் வேலை முடிந்து வந்து, சீருடை கூட மாற்றாமல் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்டைக்குக் கூட்டத்திலை நானும் கை உயர்த்தினனான்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்பிடியோ. ஆர் ஆர் உயர்த்தினதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீயாவது மாட்டாயெண்டு நினைச்சிருந்தன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இப்ப ஏன் இதைக் கொண்டுவந்து எனக்குச் சொல்லுறாய்? உனக்கு நித்திரை வரவேணும் எண்டோ?" குரல் உயரவில்லை. "என்னைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்த வீட்டுக்காரரோடை நானே போய்க் கதைச்சிருப்பன். அவையின்ரை கவலை எனக்குத் தெரியாதே? என்ரை ரெண்டு மச்சான்மாரும் அந்தச் சண்டையிலைதான் போனவை. ஒருத்தரும் கேக்கேல்லை."

தேத்தண்ணி குடிக்கச் சொல்லாமலே அவனை அனுப்பினாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அது பெரிய தண்டனை.

மார்ச்சில் ஆண்டுப் பொதுக்கூட்டம். தர்ஷனா பற்றிய தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கபிலன் முன்கூட்டியே தலைவருக்கு அறிவித்தான். கூட்டத்தன்று அவர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுறன். எனக்கும் அது விருப்பமில்லாத வேலைதான். ஆரும் மறுத்துச் சொல்லியிருந்தால் அதிலையே விட்டிருப்பன். எல்லாரும் உயர்த்தினியள்."

கபிலன் திகைத்துப்போனான். யாராவது மறுப்பார்களா என்று அவர் இவர்களைப் பார்த்திருக்கிறார். இவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப இண்டைக்கு நீங்களே சொல்லுங்கோவன், மாமா."

"இனி எப்பிடி? எழுதி முடிஞ்சுது."

கூட்டத்தில் கபிலன் எழுந்து பேசினான். ஜெர்மனியை இழுக்கவில்லை, இழுத்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும். தர்ஷனாவை அழைத்துக் கேட்காமல் முடிவெடுத்தது பிழை, அன்று உயர்த்திய என் கையை நான் திருப்பி எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னான். மகனை இழந்த தகப்பன் பின்வரிசையில் தலை குனிந்து இருந்தார். "படிச்ச பெடியன், எங்களுக்கு வகுப்பெடுக்க வந்திட்டார்," என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. வாக்கெடுப்பில் அவனோடு சேர்த்து நான்கு கைகள். பிரேரணை தோற்றது. கபிலன் செயலாளர் பதவியைக் கொடுத்துவிட்டான், யாரும் தடுக்கவில்லை.

அம்மாவின் கையை அந்த நான்கில் தேடினான். கை உயர்த்தச் சொன்ன நேரத்தில் அவள் எழுந்து குசினிக்குள் போயிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டான். "ஏனம்மா எழும்பிப் போனீங்கள்?"

"தேத்தண்ணி ஊத்தப் போனனான்."

"அம்மா."

"உயர்த்தினால் அவைக்குக் கோவம். உயர்த்தாட்டி உனக்குக் கோவம். தேத்தண்ணி எண்டால் எல்லாருக்கும் வேணும்." கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "எனக்கு இந்த ஊரிலை அவையை விட்டால் ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்," என்றாள்.

ஓல்போர்க் போனதும் கபிலன் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தான். முதுகெலும்பில்லாதவர்கள் என்ற சொல் போனது. கை உயர்த்தியவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் நடுவே, அந்த நேரம் பார்த்து எழுந்து போனவர்கள் இருந்திருப்பார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள், குறிப்பில் அவர்களுக்கு இடமில்லை என்று எழுதினான். இது அவர்களை மன்னிப்பதற்காக அல்ல என்றும் ஒரு வரி சேர்த்தான். கிர்ஸ்டன் இந்த முறை கோடு இழுக்கவில்லை.

ஓகஸ்டில் தர்ஷனாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக வகுப்புத் தொடங்கப் போவதாகவும், ஸ்பீக்கர் தூக்க ஆள் வேண்டும் என்றும் இருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. அவன் போனான்.

வந்திருந்த பிள்ளைகள் ஐந்து பேர். அந்தச் சிங்களப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஸ்பீக்கரோடு வந்தவனைப் பார்த்துச் சிரித்து, டேனிஷில் கேட்டாள்.

"பழைய மண்டபம் இடம் காணாதென்றுதான் இங்கே மாறியதாக தர்ஷனா சொன்னாள். இது அதைவிடச் சின்னதாக இருக்கிறதே?"

கபிலன் உள்ளே பார்த்தான். தர்ஷனா நிலத்தில் அமர்ந்து அந்தப் பிள்ளையின் காலில் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

நடந்ததைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் தர்ஷனாவின் உரிமை என்று அவனுக்குப் புரிந்தது.

"இங்கே நல்ல வெளிச்சம்," என்றான் அவனும் டேனிஷில். "கொஞ்சம் விலகுங்கள், இது சரியான பாரம்."